வாத்து சுடும் துப்பாக்கி

எனக்குக் கோபம் வந்தால் அது பொருட்கள்மேல்தான் பாயும். மனிதர்களைத் திட்டிவிட்டு அப்புறம் போய்ச் சமாதானம் பேச எனக்குப் பொறுமை கிடையாது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் நான் திட்டாத பொருளே இல்லை. கட்டிலைத் திட்டினேன், கைத்தடியைத் திட்டினேன், அப்பாவின் கையை மேலே இழுப்பதற்காகக் கதவு நிலையில் மாட்டியிருந்த கயிற்றை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அப்பா காஞ்சிபுரத்துக்கும் மாகறலுக்கும் நடுவே ஓடிய ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் டிரைவர். ஒருநாள் காலை டூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில், செவிலிமேட்டில் இருந்த எங்கள் வீட்டுக் குளியலறையில் விழுந்தார். பக்கவாதத்தில் வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. "போலாம்." பஸ் கிளம்பும்போது கண்டக்டர் பின்னாலிருந்து கத்துகிற சொல். ஆயுசெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டு, எல்லாம் அழிந்த பிறகும் அது மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. பசித்தாலும் போலாம், ஒன்றுக்கு வந்தாலும் போலாம், வலித்தாலும் போலாம். எந்தப் போலாமுக்கு என்ன அர்த்தம் என்று அம்மாவும் நானும் அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்போம். பாதி நேரம் தப்பாகத்தான் கண்டுபிடிப்போம்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோ மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "கால் மெதுவா வந்துடும்மா. எனக்குக் கைதான் பயமா இருக்குது. இப்ப இருக்கிற மாசங்கள்ல தினமும் தூக்கலைன்னா தோள் இறுகிடும். அப்புறம் யார் வந்து இழுத்தாலும் வராது. எப்படியாவது அவரே தூக்கறமாதிரி பண்ணுங்க."

எப்படியாவது என்றால் எப்படி? அந்தக் கயிற்றைக் கையில் கொடுத்தால் அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். ரப்பர் பந்தைக் கொடுத்தால் நழுவவிட்டுவிடுவார். அவ்வளவு பெரிய ஸ்டியரிங்கை வளைத்த மனுஷருக்குப் பந்தை அமுக்கு, கயிற்றை இழு என்று சொன்னால் அவமானமாக இருக்காதா? அது எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? ஒவ்வொரு நாள் விடியும்போதும், இன்றைக்கும் அந்தக் கை தூங்கிக்கொண்டே இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேதான் எழுந்திருப்பேன்.

பரணில் ரப்பர் ஷீட் தேடப் போனபோதுதான் அந்தக் கேம் பெட்டி கையில் தட்டுப்பட்டது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்பா பர்மா பஜாரில் வாங்கி வந்தது. 'பொண்ணுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக்கினு வந்துட்டேன்' என்று தெருவுக்கே சொன்னார். பார்க்க அப்படித்தான் இருக்கும். தட்டச்சுப் பலகை முழுசாக உண்டு, ஆனால் அதில் எழுதியது எதையும் அது ஞாபகம் வைத்துக்கொள்ளாது. சுவிட்சை அணைத்தால் எல்லாம் போச்சு. மேலே ஒரு பொந்து, அதில் மஞ்சள் கேசட் செருக வேண்டும். கேசட்டில் லட்சக்கணக்கில் ஆட்டம் இருப்பதாக அட்டையில் போட்டிருக்கும். உள்ளே போனால் அதே நாலைந்து ஆட்டம்தான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அப்பட்டமான மோசடி. ஆனால் கூடவே ஒரு துப்பாக்கி கொடுத்தார்கள். சாம்பல் நிறம், வாய் மட்டும் ஆரஞ்சு, பின்னால் நீளமாக ஒயர். டிவியில் வாத்து பறக்கும், சுட வேண்டும்.

அந்தக் காலத்தில் அப்பா டூட்டி முடிந்து வந்து, கைலி மாற்றியதும், சாப்பிட உட்காருமுன் ஒரு ஆட்டம் சுடுவார். "டிரைவர் கண்ணுடி இது" என்று என்னிடம் பீற்றிக்கொள்வார். நான் காலேஜ் போனதும் பெட்டி பரணுக்குப் போனது.

சும்மாதான் அதை இறக்கித் துடைத்து டிவியில் மாட்டினேன். அதுவும் பழைய பெட்டி டிவி. கேசட்டை எடுத்து ஊதி ஊதிச் செருகி, சேனலைத் திருகித் திருகி, கடைசியில் அந்தப் பச்சைப் புல்லும் நீல வானமும் வந்தன. ஒரு வாத்து பறந்தது. பின்னால் கட்டிலிலிருந்து "போலாம்!" என்று ஒரு குரல். அந்தப் போலாமுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை.

துப்பாக்கியை இடது கைக்குக் கொடுத்தேன். வாங்கி வலது கைக்கு மாற்றினார். விரல்கள் மூடவில்லை. நான் மூடிவிட்டேன். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கித் தூக்கினார். விசையில் இருந்த விரல் நெளிந்தது, நெளிந்தது, அமுங்கவில்லை. வாத்து போய்விட்டது. அடுத்த வாத்து. அதுவும் போய்விட்டது. அன்று ஒரு வாத்துகூட விழவில்லை. ஆனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பவில்லையே! அது போதும் எனக்கு.

கொஞ்ச நாளில் விசை அமுங்கியது. அப்புறம் இடது கையின் தாங்கல் இல்லாமல் முழங்கையை மட்டும் மடக்கி எடுத்தார். புரட்டாசி நடுவில் ஒருநாள், தானாக, யாரும் தொடாமல், அந்தக் கை நடுங்கிக்கொண்டே டிவி உயரத்துக்கு ஏறியது. வாத்து தலைகுப்புற விழுந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிசியோ மேடம் அப்பாவின் தோளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன பண்றீங்களோ தெரியல, அதையே விடாம பண்ணுங்க. ஒருநாளும் விட்டுடாதீங்க" என்றார். எனக்குச் சிரிப்பாக வந்தது. வாத்து சுடுகிறோம் மேடம் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

ஒவ்வொரு வருஷமும் அப்பாவுக்கு அதுதான் பெரிய நாள். பஸ்ஸைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஸ்டியரிங், கியர், கண்ணாடி, இரண்டு ஹெட்லைட் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். சின்ன வயதில் என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போவார். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்குகிற சத்தம் கேட்பதற்காகவே போவேன். அம்மா வந்ததில்லை, அவளுக்கு வீட்டில் பூஜை வேலை இருக்கும். இந்த வருஷம் பஸ்ஸை வேறு டிரைவர் ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா அருவாமணை, கத்தரிக்கோல், தையல் மிஷின் எல்லாவற்றையும் சாமி முன்னால் வைத்துவிட்டு, அந்த வரிசையை ஒருதரம் பார்த்தாள். பிறகு போய்த் துப்பாக்கியை எடுத்து வந்தாள்.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"உங்கப்பா பொருள்னு ஒண்ணாவது வைக்க வேணாமா? அவர் இப்ப இதாலதான் வேலை செஞ்சிக்கினு இருக்காரு. இதுதான் அவரைத் தூக்கி நிறுத்தப்போவுது."

நான் சந்தனக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். அம்மா மோதிர விரலால் சந்தனத்தைக் குழைத்து எடுத்து, துப்பாக்கியின் ஆரஞ்சு வாயில் நன்றாக அழுத்தி வைத்தாள். அதன்மேல் குங்குமம். பொருளுக்கு முகம் எதுவோ அங்கேதானே பொட்டு வைக்க வேண்டும்? துப்பாக்கிக்கு அதுதான் முகம்.

இப்போது எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போகாது. விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி வாய்க்குள் உளுந்து அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. அது அந்த வெள்ளையைப் பார்த்தால்தான் வாத்து விழும். துப்பாக்கி சுடுவதே இல்லை, பார்க்கத்தான் பார்க்கிறது. ஆனால் அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஏதோ ஒன்று துப்பாக்கியிலிருந்து கிளம்பிப் போய் டிவியில் படுகிறது என்றுதான் நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் பூஜையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அப்பா கையைத் தூக்கினார். டுப் என்று சத்தம் வந்தது, திரை மின்னியது. வாத்து பாட்டுக்குப் பறந்து போயிற்று. மறுபடி டுப். மறுபடி வாத்து போயிற்று. கை நடுங்க நடுங்கத் தூக்கிக்கொண்டே இருந்தார். நெற்றி நரம்பு புடைத்துவிட்டது. "போதும்ப்பா, கொஞ்சம் இரு" என்றேன். கேசட்டை ஊதினேன், ஒயரை ஆட்டினேன், பெட்டியைத் தட்டினேன், திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ரேடியோ ரிப்பேர்க் கடைக்கு எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கைப்பிடியைக் கழற்றி, ஸ்விட்சைச் சோதித்து, "ஸ்விட்ச் நல்லா இருக்குது. உள்ள எங்கியோ செத்துப்போச்சும்மா. இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் வராது" என்றார். வாயில் இருந்த பொட்டை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். அவருடைய சால்டரிங் கட்டையில் பொட்டு, மீட்டரில் பொட்டு, மேஜை விசிறியில் பொட்டு. நான் வேலை பார்த்த சேலை டிசைன் சென்டரில் கம்ப்யூட்டர், மௌஸ் எல்லாவற்றிலும் பொட்டு. ஊரே பொட்டோடு இருக்கிற மாசத்தில் ஒரு பொட்டை எவன் கவனிப்பான்? எங்கள் ஊரில் வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள், அதுவாகக் காய்ந்து உதிர்ந்தால் உண்டு.

அப்பா சில நாள் விடாமல் சுட்டுப் பார்த்தார். அப்புறம் ஒருநாள் துப்பாக்கியை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இடது கை நகத்தால் அதன் வாயைச் சுரண்ட ஆரம்பித்தார். அம்மா பதறிப்போய்க் கையைப் பிடித்தாள். "ஏங்க, சாமிகிட்ட வச்ச குங்குமங்க, சுரண்டாதீங்க!" அப்பா "போலாம், போலாம்" என்று கத்தினார். முகம் சிவந்துவிட்டது. மறுநாள் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி வைத்துக்கொண்டு அதற்குள் குத்தினார். அதையும் பிடுங்கினாள். இந்த மாதிரி வந்தவர்களுக்குச் சில சமயம் புத்தியும் கொஞ்சம் தடுமாறும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். "அதான் ஆரம்பிச்சிடுச்சி போல இருக்குது" என்று அம்மா அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். துப்பாக்கி பீரோ மேலே போனது.

அதோடு கையும் கீழே போனது. கயிறு வேண்டாம், பந்து வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சுவர்தான். தீபாவளி வந்து போயிற்று, கார்த்திகை பிறந்துவிட்டது. பிசியோ மேடம் கையைத் தூக்கிப் பார்த்தபோது அப்பா வலியில் பல்லைக் கடித்தார். "ஏன்மா விட்டீங்க? இறுக ஆரம்பிச்சிடுச்சே. இன்னும் கொஞ்ச நாள் போனா எங்கையில ஒண்ணும் இல்ல" என்றார். நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஓவென்று அழுதேன். ஐயம்பேட்டைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துக் கூவுவதை நிறுத்திவிட்டார்.

வேறு துப்பாக்கி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு ஃபேன்சி கடை பாக்கியில்லை. எல்லாரும் ரப்பர் குண்டு போட்டுச் சுடுகிற துப்பாக்கியைக் காட்டினார்கள். லீவு போட்டுவிட்டு மெட்ராஸ் போனேன். ரிச்சி தெருவில் ஏறி இறங்கினேன், பர்மா பஜாரில் பழைய சாமான் விற்கிற மூலைகளைக் கிளறினேன். உலகத்தில் இப்படியெல்லாமா செய்திருக்கிறார்கள் என்று அன்றுதான் பார்த்தேன். மேலே நின்று குதித்து ஆடுகிற பாய். மீன் பிடிக்கிற தூண்டில் கைப்பிடி, அதைச் சுற்றினால் டிவிக்குள் மீன் மாட்டுமாம். விரலெல்லாம் ஒயர் ஓடுகிற ஒரு கையுறை. செங்கல் அடுக்குகிற கை கேம்கள் ஒரு கூடை நிறைய, ஒன்றுக்கும் பேட்டரி மூடி கிடையாது. எல்லாம் யாரோ ஆசையாக வாங்கி யாரோ மறந்துபோனவை. துப்பாக்கி மட்டும் இல்லை.

"அதெல்லாம் போயே போச்சும்மா. யாருக்கு, தம்பிக்கா?" என்றார் ஒரு கடைக்காரர்.

"அப்பாவுக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "டிரைவரா இருந்தாரு. கை விழுந்துடுச்சு" என்று எதற்கோ சொல்லிவைத்தேன்.

"டிரைவரா? அப்ப இரு" என்று உள்ளே போய்த் தூசி தட்டி ஒன்றை எடுத்து வந்தார். சின்ன ஸ்டியரிங். நடுவில் ஹாரன் மாதிரி பொத்தான், கீழே மேஜையில் ஒட்டிக்கொள்ள ரப்பர் குப்பிகள். கார் ஓட்டுகிற ஆட்டத்துக்கானது. என் மூளை எங்கே போயிற்றோ, பெட்டியில் செருகுகிற பின்னைக்கூடப் பார்க்காமல் வாங்கிவிட்டேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, இது எனக்கு முதலிலேயே தோன்றாமல் போயிற்றே என்று பூரித்துப்போயிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அதன் பின் எங்கள் பெட்டிக்குச் சேரவேயில்லை. வேறு ஏதோ கம்பெனியின் வேறு ஏதோ பெட்டிக்கானது. சரி, சும்மா பிடித்தாவது பார்க்கட்டும் என்று அப்பா மடியில் வைத்தேன். அந்தப் பாவத்தை நான் செய்திருக்கக் கூடாது. அப்பா அந்தப் பொம்மை ஸ்டியரிங்கையே பார்த்தார். இடது கையை எடுத்து அதன்மேல் வைத்தார். பிறகு அதே கையால் வலது கையைத் தூக்கி வந்து அந்தப் பக்கம் வைத்தார். அது வழுக்கி விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தார். மறுபடி விழுந்தது. உதடு கோணிக்கொண்டு, சத்தமே இல்லாமல், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அம்மா என்னை அறைகிறமாதிரி ஒரு பார்வை பார்த்தாள்.

ஸ்டியரிங்கைப் பிடுங்கி மூலையில் எறிந்தேன். அப்பா கண்ணைத் துடைக்கவில்லை. இடது கையை நீட்டி பீரோவின் மேலே காட்டினார். "போலாம்" என்றார், கெஞ்சுகிற குரலில்.

"குடுத்துத் தொலைக்கலாம்மா, என்ன ஆயிடப்போகுது" என்று துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை முழங்காலில் இடுக்கிக்கொண்டார். இந்த முறை நகமும் இல்லை, குச்சியும் இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, நுனியை நாக்கில் நனைத்து, துப்பாக்கியின் வாயை வட்டமாகத் துடைத்தார். துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி வட்டமாக ஒரு துடைப்பு.

அந்த வட்டம் எனக்குத் தெரியும். ஷெட்டில், பூஜையெல்லாம் முடிந்து, எலுமிச்சம்பழம் நசுங்குமுன், பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று, சாமியை மனதில் கும்பிட்டுவிட்டு, ஹெட்லைட் கண்ணாடியை மட்டும் துண்டால் இப்படித்தான் துடைப்பார். பஸ்ஸுக்குக் கண்ணே அதுதான் என்பார்; பொட்டு சுற்றிலும் இருக்கட்டும், கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும். அப்புறம்தான் ஏறி உட்காருவார்.

"அம்மா!" என்று கத்தினேன். "அதுக்குக் கண்ணை மூடிட்டம்மா நாம! பொட்டை எடுக்கணும். அப்பா அதைத்தான் இத்தனை நாளா சொல்லிக்கினு இருக்காரு!"

அம்மா துப்பாக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த வேகத்தில் முகம் வெளுத்துவிட்டது. நான் தண்ணீரில் துணியை நனைத்துக்கொண்டு வந்தேன். அவள் துப்பாக்கியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. அவர் பொருள்ல வச்ச குங்குமத்தை அழிக்கச் சொல்றியா? இது இருக்கிற வரைக்கும் அவருக்கு ஒண்ணும் ஆவாதுன்னு இதைப் பார்த்துக்கினுதான் நான் தினம் எழுந்துக்கிறேன்."

"அம்மா, அதான் அவர் கையைக் கட்டிப் போட்டிருக்குது."

"தெரியுதுடி!" என்று வீறிட்டாள். அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

அப்பா இடது கையை அவள் முழங்கால்மேல் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை, அந்த ஒரு சொல்லைக்கூட. அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு என் துணியைத் தள்ளிவிட்டுத் தன் முந்தானையின் நுனியை நனைத்தாள். ஈர்க்குச்சியில் சுற்றி, உள்ளே விட்டு, காய்ந்துபோன சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். வந்த குங்குமத்தில் ஒரு துளியைக்கூடக் கீழே விடவில்லை. ஒவ்வொன்றையும் விரலில் தொட்டுத் தொட்டுத் தன் தாலியில் வைத்துக்கொண்டாள். கடைசியில் அந்த உளுந்துக் கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது.

டிவியைப் போட்டேன். புல், வானம், வாத்து. அப்பா கையைத் தூக்கினார். வயிற்றுக்குக் கொஞ்சம் மேலே வந்தது, நின்றுவிட்டது. பல்லைக் கடித்து உந்தினார். வரவில்லை. டிவி மேஜைமேல் இருந்தது, துப்பாக்கி மேஜைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. புரட்டாசியில் அவ்வளவு உயரம் ஏறிய கை. வாத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து போயின. நான் திட்டுவதற்கு அந்த அறையில் எந்தப் பொருளும் மிச்சமில்லை.

அம்மாதான் எழுந்தாள். "பிடிடி" என்றாள். அந்தக் காலத்து டிவி, பிணக்கனம். நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒயரெல்லாம் இழுபட, அதை மேஜையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தோம். அப்பாவின் துப்பாக்கிக்கு நேராக நகர்த்தினோம். அம்மா அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, கண்டக்டர் மாதிரி சொன்னாள்.

"ம், போலாம்."

அப்பா அழுத்தினார். வாத்து விழுந்தது.

அந்தக் கை அதற்குமேல் ஏறவேயில்லை. பிசியோ மேடம் என்னென்னவோ செய்து பார்த்தார். தோள் இறுகினது இறுகினதுதான். அப்பா இருந்தவரைக்கும் எங்கள் வீட்டில் டிவி தரையிலேயே இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும், இடுப்பு வலிக்கக் குனிந்து சீரியல் பார்த்துவிட்டு, "ஏன் டிவியைக் கீழ வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள்.

"அவருக்கு அங்கதான் எட்டும்" என்பாள் அம்மா.